வேஷ்டி வெளிச்சம்

என் அக்கா புகைப்படத்துக்கு நின்றதே கிடையாது. கலியாண வீட்டில் "எல்லாரும் வாங்க, படம் எடுக்கணும்" என்று குரல் எழுந்த மாத்திரத்தில் அவளுக்கு அடுப்பங்கரையில் அவசர வேலை வந்துவிடும். 1958-இல், ஒன்பது வயதில், அவளுக்குப் பெரியம்மை கண்டது. பிழைத்தாள், முகம் நிறையக் குழிகள் தங்கிவிட்டன. அந்த வியாதி இந்தியாவை விட்டு 1975-இல் போயிற்று. உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்தார்கள். அக்காவின் முகத்துக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

2019-இல் அவளுக்கு எழுபது நிறைந்தது. ஊர் வீட்டை விற்பதென்று முடிவாகியிருந்த சமயம். "இந்தக் கூடத்தில் என்னை ஒரு படம் எடுத்து வையுங்கடா" என்றாள் ஒரு சாயங்காலம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மனசு மாறுவதற்குள் என் மகனைக் கூப்பிட்டேன்.

அவனிடம் காமிராவும், கையடக்கமான ஒரு ஃபிளாஷ் விளக்கும் இருந்தன. காமிராவின் தலையிலேயே விளக்கை மாட்டி ஒன்று எடுத்தான். முகம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்தது; மூக்கும் நெற்றியும் பளபளத்தன; பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல். விளக்கைக் கழற்றி, கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்து இன்னொன்று எடுத்தான். அது இன்னும் மோசம். ஒவ்வொரு குழியும் தனித்தனிக் கிணறாகத் தெரிந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"போதும்டா தம்பி" என்று எழுந்துவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை, அத்தை!" என்று பையன் கெஞ்சினான்.

நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்ட எண்ணி விளக்கின் மேல் கைக்குட்டையைச் சுற்றச் சொன்னேன். வெளிச்சம் குறைந்ததே தவிர நிழலின் கடுமை குறையவில்லை. அப்போதுதான் பையன் எனக்குப் பாடம் சொன்னான். விளக்கை மூடுவதில் ஒன்றுமில்லையாம். முகத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் வரும் இடம் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறது என்பதே விஷயமாம். சூரியன் எத்தனை பெரிதானாலும் நமக்கு அது வானத்தில் ஒரு சின்ன வட்டம். ஆகவே வெயிலில் நிழல் கத்தியால் வெட்டினாற்போல விழுகிறது. மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. நிழல் கரைந்து போகிறது.

சாதாரண அறைகளில் விளக்கை வெள்ளை மச்சின் பக்கம் திருப்பி அடிப்பார்கள். எங்கள் வீட்டிலோ உயரத்தில் இருண்டு கிடக்கும் ஓட்டுக் கூரை. சுவரில் பச்சை வர்ணம். அதில் பட்டுத் திரும்பினால் அக்காவின் முகத்தில் பாசி படிந்துவிடும். பையன் சுற்றுமுற்றும் பார்த்தான். கொடியில் என் எட்டு முழ வேஷ்டி உலர்ந்துகொண்டிருந்தது.

அதை இரண்டாக மடித்து, நானும் என் மனைவியும் அக்காவின் பக்கத்தில் திரைபோலப் பிடித்துக்கொண்டோம். விளக்கைத் திரைக்கு அந்தப் புறம் ஐந்தாறு அடி தள்ளி வைத்தான். துணியை ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு திட்டு மட்டுமே ஒளிருமாம். தள்ளி வைத்தால்தான் வேஷ்டி முழுவதும் விளக்காகும். திரையை முகத்துக்கு நெருக்கச் சொன்னான். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்பதோடு, எட்டப் போகப் போகப் பெரிய திரையும் சின்ன விளக்காகிவிடுமல்லவா? துணி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் விளக்கை முழு பலத்தில் அடித்தான். ஒவ்வொரு தடவையும் பாட்டரி மூச்சு வாங்கிக்கொள்ளச் சில விநாடிகள் பிடித்தன. எனக்குத் தோள் கடுத்தது.

1887-இல் ஜெர்மனியில் மியேத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் படமெடுக்க வழி கண்டார்கள். அந்தப் பொடியோடு நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் புகுந்த ஜேக்கப் ரீஸ், இரண்டு தடவை வீட்டுக்கே தீ வைத்துவிட்டாராம். அதை நினைத்தால் என் தோள்வலி ஒரு வலியா?

படம் வந்தது. குழிகள் இருந்தன, ஆனால் கண்களை முந்திக்கொண்டு நிற்கவில்லை. "கம்ப்யூட்டரில் போட்டால் அதையும் அழித்துவிடலாம், அத்தை" என்றான் பையன்.

"அழிக்காதே. ஆத்தா போட்ட முத்து அது. நீ யார் எடுக்க?" என்றாள் அக்கா.

பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எனக்குத் திக்திக்கென்றது.

"பின்னாலே அலமாரிக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறதே, ஒருத்தருக்கும் கண்ணில்லையா?" என்று போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ம், வேஷ்டியைப் பிடிடா."