கடலோரக் கல்லூரி

பாகான் டாலாமில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்த நான், 1971ஆம் ஆண்டு, என் பதினெட்டாம் வயதில், பினாங்கில் ரஜூலா கப்பலேறிச் சென்னைக்குப் படிக்கச் சென்றேன். "பெண்ணுக்கு எதற்கு இத்தனை படிப்பு?" என்று கேட்டவர்களுக்கு அப்பா மறுமொழி கூறவில்லை, அம்மாவின் வளையல்களை விற்றுப் பயணச்சீட்டு வாங்கி வந்தார்.

மெரினா கடற்கரையை நோக்கி நிற்கும் இராணி மேரிக் கல்லூரி, டோரதி டி லா ஹே அம்மையாரை முதல்வராகக் கொண்டு 1914இல் தொடங்கியது. சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி அதுவே. விடுதித் தோழியர் என்னைப் 'பினாங்குக்காரி' என்றே அழைத்தனர். எங்கள் ஊர் தீவிலன்று, எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் உள்ளது என எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. சாம்பார்ச் சோற்றுக்கு நெத்திலிச் சம்பல் தேடிய என்னை அவர்கள் பொறுத்துக்கொண்டதே பெரிது!

2003இல் அவ்வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் எழுப்பத் தமிழக அரசு முற்பட்டது. மாணவியர் வெளியேற மறுத்து உள்ளேயே அமர்ந்தனர்; பழைய மாணவியரும் அவர்களுக்குத் துணைநின்றனர். செய்தித்தாளைப் படித்த அன்றிரவே, விடுதியில் உடனிருந்த தோழிக்கு எழுதினேன்: "எந்த மனு கொடுத்தாலும் என் பெயரையும் சேர்த்துவிடு."

பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவளிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: "கல்லூரி இருக்கிறது. வரும்போது நெத்திலி கொண்டு வா."