அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்

நான்கு சுவர்களுக்குள் வாழும் நாய்க்கும் தொழில் வேண்டும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஒரு நாய்க்கு மட்டுமே இசைவுண்டு. ஆதலால் தன்னினத் துணையும் அதற்கில்லை. டிசம்பர் மாதப் பருவமழையில் காலைநடையும் தடைபடும். சோம்பிக் கிடக்கும் நாய் செருப்பைக் கடிக்கும், ஓயாது குரைக்கும். அண்டைவீட்டார் முறையிட்டால் அது தன் வீட்டையே இழக்கவும் நேரும். இது நாயின் தீக்குணமன்று, வேலையின்மையின் விளைவு.

நாய்க்கு மூக்கே அறிவின் வாயில். அன்றாட உணவைத் தட்டில் இடாது, துணிச்சுருளிலும் அட்டைப்பெட்டியிலும் மறைத்துத் தேடச் செய்க. வழுக்கும் தரையில் பாய் விரித்து, பந்தை உருட்டி எடுத்துவரப் பழக்குக. மழை விட்டதும் வெளியே அழைத்துச் செல்க. வீட்டு விளையாட்டு வெளியுலாவுக்கு ஈடாகாது. பெற்றோர் மேற்பார்வையில் பிள்ளைகள் இப்பணியை ஏற்பின், பிறவுயிரின் தேவையறியும் கல்வி வீட்டிலேயே தொடங்கும்.