பங்கு கேட்ட ஆறாம் மகன்

வாரி வழங்கும் செல்வரை ஊரார் வள்ளல் என்று போற்றுகின்றனர். ஆனால் அவர் வழங்கிய பொருளில் ஒரு பகுதி தொடக்கம் முதலே பிறருடையதாக இருந்திருப்பின், அவரை வள்ளல் என்பதா, கடன் தீர்த்தவர் என்பதா? மதரஸாவில் ஃபிக்ஹுச் சட்டம் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி புதிதன்று. ஜகாத்தை ஏழையின் 'ஹக்கு', அதாவது உரிமை என்றே நம் நூல்கள் பேசுகின்றன. செல்வம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதும் நம் வீட்டுச் சிறுவர்கள் அறிந்த பாடமே. இதே பொருள் பற்றி, நம்மோடு அடுத்தடுத்து வாழும் இந்து சமயத்தாரின் நூல்கள் என்ன கூறுகின்றன என்பதை நம்மவருள் பலர் அறியார். அறிந்தால் அண்டை வீட்டாரை மட்டுமன்றி நம்மையும் சற்றுத் தெளிவாகக் காணலாம்.

ஈசாவாஸ்ய உபநிடதம் மிகச் சிறிய நூல். உலகிலுள்ள யாவற்றிலும் இறைவன் நிறைந்துள்ளான். ஆதலால் பற்றைத் துறந்தே எதனையும் துய்க்க வேண்டும். பிறர் பொருளுக்கு ஆசைப்படலாகாது. இதுவே அதன் முதல் மந்திரத்தின் கருத்து. இந்து சமயத்தின் சாரமனைத்தும் இம்மந்திரத்துள் அடங்கும் என்று காந்தியடிகள் 1937-ல் திருவிதாங்கூரில் பேசினார். செல்வர் தம் செல்வத்துக்கு உடைமையாளர் அல்லர், தர்மகர்த்தாவே என்னும் அவர் கொள்கைக்கும் இதுவே ஆதாரம். கீதையின் மூன்றாம் அத்தியாயம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. பெற்றதைத் திருப்பித் தராமல் தானே அனுபவிப்பவனை அது திருடன் என்கிறது; தனக்கென்று மட்டும் சமைப்பவன் பாவத்தையே உண்கிறான் என்கிறது. 'லோக சங்கிரகம்', அதாவது உலக நலன் கருதிப் பற்றின்றிச் செயல்படுமாறு பணிப்பதும் அதே அத்தியாயமே. ஆக, அங்கும் பகிராமை என்பது கருமித்தனம் அன்று, களவு.

ஏட்டில் உள்ள இக்கருத்தை நிலத்தில் இறக்கிப் பார்த்தவர் வினோபா பாவே. அவர் நம் பகுதிக்கு அயலார் அல்லர். 1942-ல் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோதுதான் அந்த மராட்டியர் தமிழ் முதலிய தென்னாட்டு மொழிகள் நான்கையும் கற்றார். திருக்குர்ஆனையும் அரபு மூலத்திலேயே பயின்று, அதிலிருந்து தேர்ந்தெடுத்த வசனங்களைத் தனி நூலாகத் தொகுத்தார். வேலூரில் ஓதிய நாள்களில் அச்சிறை வழியே பலமுறை நடந்தவன் நான். அம்மதிலுக்குள் ஒருவர் நம் தாய்மொழியின் அரிச்சுவடியைப் படித்தார் என்பதை எண்ணும்போது இன்றும் என் மனம் நெகிழ்கிறது.

1951 ஏப்ரல் 18 அன்று, தெலுங்கானாவின் போச்சம்பள்ளிக்கு வினோபா நடந்து வந்தார். நிலமற்ற நாற்பது தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் தமக்கு எண்பது ஏக்கர் கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம் என்றனர். கூடியிருந்தோரிடம் வினோபா அதை எடுத்துச் சொன்னபோது, இராமச்சந்திர ரெட்டி என்னும் நிலக்கிழார் எழுந்து நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வினோபா ஊர் ஊராக நடந்தார். உங்களுக்கு ஐந்து மக்கள் இருப்பின் என்னை ஆறாம் மகனாகக் கொண்டு ஆறில் ஒரு பங்கு தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள். தானம் என்னும் சொல்லுக்குச் சமமாகப் பகிர்தல் என்று சங்கரர் கூறிய பொருளையே அவர் எடுத்துக்கொண்டார். பிச்சை கேட்பவன் வாசலில் நிற்பான். பங்கு கேட்கும் மகன் வீட்டினுள் அமர்வான். இந்த வேறுபாட்டில்தான் அவ்வியக்கத்தின் உயிர் இருந்தது.

நிற்க. நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் அவருக்கு வாக்களிக்கப்பட்டது என்பது மெய். அதில் பெரும்பகுதி கரடாகவும் வழக்கில் சிக்கியதாகவும் இருந்தது, உழுபவன் கைக்கு வந்து சேராதது மிகுதி என்பதும் மெய். மேடையில் மனம் இளகியவர் பத்திரம் எழுதும் நாளில் இறுகிவிடுவதுண்டு. தமிழகத்தில் அவ்வியக்கத்தில் உழைத்த ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இக்குறையை உணர்ந்தே 1981-ல் 'லாப்டி' என்னும் உழுவோர் நில அமைப்பைத் தொடங்கினர். தானத்துக்குக் காத்திராமல், கீழத் தஞ்சைப் பகுதியில் கடன் பெற்று நிலத்தை விலைக்கு வாங்கி, ஏழைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தனர். வாங்குபவளின் உரிமை எழுத்தில் நிலைபெற்றது.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில், நமக்கு நெடுந்தொலைவில் இல்லாத வாணியம்பாடியில், தைப்பூசத்தை ஒட்டித் தனியார் ஒருவர் வழங்கவிருந்த இலவசச் சேலைக்கு டோக்கன் பெறத் திரண்ட நெரிசலில் முதிய பெண்கள் நால்வர் மாண்டனர். ஒரு சேலைக்காக நான்கு உயிர்! இதை அவர்கள் சமயத்தாரின் குறையாகக் காண்பவர், ரமலானில் நம் செல்வர் வீட்டு வாசல்களைப் பார்த்தவர் அல்லர். நோன்பு நோற்ற வயிற்றோடு பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுள் தோல் ஷாப்பிலும் காலணித் தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்ந்தவர்களும் உண்டு. எவருடைய கைகள் அச்செல்வத்தை ஈட்டித் தந்தனவோ, அவர்களே அதன் வாசலில் கையேந்துகிறார்கள். உரிமைக்காரரை இரவலராக்கிய பின் கொடுக்கும் ஜகாத்தினால் கணக்குத் தீரலாம், ஹக்குத் தீருமா? சொல்லிக்காட்டுவதும் நோவினை செய்வதும் தர்மத்தைப் பாழாக்கும் என்று திருமறை எச்சரிப்பது இத்தகைய வரிசைகளையும் நோக்கியதன்றோ?

நிலத்தோடு நில்லாமல் 'சம்பத்திதானம்' என்ற ஒன்றையும் வினோபா வகுத்தார். அதன்படி, வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுப்பவர் அதைத் தம்மிடமே வைத்திருந்து, பொதுநலனுக்கு அவரே செலவிட்டு, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பிறருடைய பொருளைக் காப்பவனுக்குரிய ஒழுங்கு அது. நம் ஜமாஅத்துகளும் மஹல்லா தோறும் தேவையுடையோரை முன்னரே அறிந்து, பைத்துல்மால் வழியாக அவரவர் பங்கை இரவோடிரவாக வீடு தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்தால், எந்தத் தாயும் தெருவில் நிற்க வேண்டியதில்லை. கொண்டுசெல்பவர் கதவைத் தட்டி, "அம்மா, உங்கள் பொருள் எங்களிடம் இருந்தது, பெற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் பணிவை வல்ல நாயன் நம் செல்வர்களுக்கு அருள்வானாக.