மாத்திரை அட்டையில் கட்டிய நூல்

பென்னாகரத்தில் மருந்துக்கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. ஏரியூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

"இலவச முகாம்ல கண்புரை ஆபரேசன் பண்றாங்களாம், போலாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஓசியில வைக்கிறது உள்ளூர் லென்சுங்க. அவசரப்படாம காசு சேத்து வெளிநாட்டு லென்சா வெச்சுக்கங்க" என்றேன்.

அந்த லென்சைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பைசா வரவும் இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் அவர் காசு சேர்த்தார். மாதாமாதம் மனைவிக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். ராத்திரி மாத்திரை அட்டையில் மட்டும் கறுப்பு நூல் கட்டித் தரச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர், அடையாளத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து நானே கட்டிக் கொடுத்தேன். ஒருநாள் அந்த நூலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் அட்டையைப் பையில் போட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு என் மாமியாருக்குக் காசு கட்டியே கண் ஆபரேசன் செய்தோம். சீட்டில் ஒட்டியிருந்த லென்ஸ் ஸ்டிக்கரைப் படித்தேன்: ஆரோலேப், மதுரை.

அதன் பிறகுதான் ஆரோலேப்பின் பின்னால் இருந்த கண் டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றித் தேடிப் படித்தேன். 1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களால் லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேசன் செய்திருக்கிறார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற கையோடு 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்பாடு வந்த வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் அளவுக்கு விற்றது. ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுக்க முடிந்தது. அதைப் பொறுக்காமல் 1992இல், டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரின் துணையோடு, வெங்கடசாமியின் அரவிந்த் குழு லென்ஸ் செய்யவே ஆரோலேப்பை நிறுவியது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அதைத்தான் நான் கல்லாவில் உட்கார்ந்தபடி மட்டம் தட்டியிருக்கிறேன்.

அடுத்த முறை பெரியவர் வந்ததும், "முகாமுக்கே போங்க" என்றேன். ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

ஆபரேசன் முடிந்து வந்தவர், "இனி நூலு வேணாங்க" என்றார். "நீங்க சொல்லித்தான் போனேன். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீணாய்ப்போன அந்த இரண்டு வருடத்தைப் பற்றி வாய் திறக்காமல், அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.