பூஜ்யம் என்றொரு சாட்சியம்

விழுப்புரத்தில் வீடும் திண்டிவனத்தில் வேலையுமாக இருப்பவனுக்கு இவ்விரு ஊர்களின் மழைமீது அக்கறை இருப்பது இயல்பு. அந்த மழையை நான் ஃபோர்ட்ரான் மொழியில்தான் கணக்கிட்டுப் பார்க்கிறேன். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-இல் வெளியிட்ட அம்மொழி வானிலைக் கணக்கீடுகளில் இன்றும் உயிரோடிருக்கிறது.

இந்திய வானிலைத் துறை 1901 முதலான தினசரி மழையைக் கால் டிகிரிக் கட்டங்களாக வகுத்துத் தருகிறது. கிழக்கு நோக்கி 135 புள்ளிகள், வடக்கு நோக்கி 129. தொடக்கம் 66.5 டிகிரி கிழக்கு, 6.5 டிகிரி வடக்கு. அங்கிருந்து எண்ணி வந்தால் விழுப்புரத்துக்கு அருகிலுள்ள புள்ளி (53, 23). திண்டிவனத்துக்கு (54, 24).

இரு பரிமாண அணியை நினைவகத்தில் அடுக்கும்போது ஃபோர்ட்ரானில் முதல் சுட்டெண் விரைந்து நகரும்; சி மொழியில் கடைசிச் சுட்டெண். சி பழகிய கை (23, 53) என்று மாற்றி எழுதினால் விழுப்புரம் மும்பைக்கு வடமேற்கே அரபிக்கடலில் போய் விழும். இரண்டு எண்களும் எல்லைக்குள் அடங்குவதால் எந்தக் கம்பைலரும் தடுக்காது. நல்லவேளையாக, அளவில்லாத கடற்புள்ளிகளில் -999 என்று இட்டிருப்பார்கள். பார்த்தவுடன் சந்தேகம் வரும்.

தொடக்க மதிப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மழையைக் கூட்டிச் சேர்க்கும் அணிக்கு நாம் மதிப்பு தராவிட்டால் அதில் என்ன இருக்குமென்று மொழியின் தரநிலை உறுதி கூறுவதில்லை. ஒரு கம்பைலரில் பூஜ்யம் இருக்கும். இன்னொன்றில், அல்லது அதே கம்பைலரை வேறு தெரிவுகளோடு இயக்கினால், பழைய குப்பை இருக்கும். சரி, அறிவிப்பு வரியிலேயே பூஜ்யம் என்று எழுதிவிடலாமா? துணைநிரலுக்குள் அது ஒரே ஒருமுறைதான் நிகழும். அடுத்த அழைப்பில் சென்ற ஆண்டு மழையின்மீது இவ்வாண்டு மழை பெய்யும். செயற்பகுதியில் தனிவரியாகப் பூஜ்யமிடுவதே எங்கும் செல்லும் வழி. மதிப்பு தரப்படாத இடங்களை 'எண்ணல்லாதது' என்று நிரப்பிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் வசதி ஜிஃபோர்ட்ரானிலும் இன்டெல் கம்பைலரிலும் உண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மழைமானி இல்லாத பக்கத்துக் கிராமத்தில் எவ்வளவு பெய்திருக்கும்? பூஜ்யம் என்பது 'பெய்யவில்லை' என்ற சாட்சியம். அளக்காத இடத்துக்கு அதைத் தானாக எழுதிக்கொடுக்கும் அணி, கழுத்தளவு நீரில் நின்றவனிடம் மழையே இல்லை என்று சொல்கிறது.