பொய் சொல்லாத ஒலிபெருக்கி

ஒலிபெருக்கி என்றதும் எங்கள் தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோயில் திருவிழாவின்போது பனைமரத்தில் கட்டப்படும் குழல்தான். அடுத்தது வீட்டு மேசையிலிருந்த வானொலிப் பெட்டி. எஸ்.பி.மயில்வாகனத்தையும் கே.எஸ்.ராஜாவையும் அப்துல் ஹமீதையும் நாங்கள் அறிந்தது அதன் வழியாகவே. பின்னர் எண்பதுகளில், மத்திய கிழக்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த பெரிய 'செற்'றுகள் வந்தன. இவை யாவற்றின் தொழிலும் ஒன்றே: கேட்பவரை மகிழ்விப்பது. தாழ்ந்த ஒலியைச் சற்று உப்பச் செய்யும். உயர்ந்த ஒலியைச் சற்று மினுக்கிக் காட்டும். பதிவில் இருக்கும் குறையை மறைக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி, கறியில் உப்பில்லை என்பதைச் சொல்லாமல் "நல்லாயிருக்கு" என்று சொல்வதைப் போன்றது அது.

இதற்கு மாறான இன்னொரு வகை உண்டு. ஒலிப்பதிவுக் கூடங்களில் வைத்திருக்கும் மொனிற்றர் எனப்படும் ஒலிபெருக்கிகள். பதிவில் உள்ளதை உள்ளபடி சொல்வதே அவற்றின் வேலை. இரைச்சல் இருந்தால் இரைச்சல், குரல் பிசிறினால் பிசிறு. இசையமைப்பாளருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் தேவையான இந்தப் பெட்டிகள், எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவனின் வீட்டுக்கு ஏன் வந்தன என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருநூறுக்கு மேற்பட்ட ஒலிநாடாக்கள் உள்ளன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி தொடக்கம் நான் எடுத்த நேர்காணல்கள் அவை. நாதஸ்வர வித்துவான்கள், கூத்து அண்ணாவிமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மீனவர்கள், பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார். அவர்களிற் பெரும்பாலோர் இன்று உயிருடன் இல்லை. இடப்பெயர்வுகளில் குறிப்புப் புத்தகங்கள் போய்விட்டன. நாடாக்கள் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்ததால் தப்பின. அவற்றைக் கணினிக்கு மாற்றி எழுத்தில் இறக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

அந்த வேலையில் மடிக்கணினியின் ஒலிபெருக்கி போதவில்லை. விரல்நுனி அளவுள்ள அந்தப் பொருளால் தாழ்ந்த ஒலிகளைச் சரிவரத் தர முடியாது. ஆண் குரலின் அடித்தளம் 100 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். பெண் குரலுடையது 200 அளவில். ன், ம், ண் போன்ற மெல்லின ஒலிகளின் வலுவும் பெரும்பாலும் 250, 300 ஹேர்ட்ஸை ஒட்டியே உள்ளது. மடிக்கணினி தடுமாறத் தொடங்குவதும் அந்த இடத்திலேதான். தமிழில் ஒரு சொல்லின் இறுதி எழுத்தில்தான் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹெட்போன் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு சொல்லை நுணுகிக் கேட்பதற்கு நல்ல ஹெட்போன் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் அதை மாட்டிக்கொண்டிருந்தால் காதும் கழுத்தும் களைத்துவிடும். மேலும், ஹெட்போனில் கேட்பவர் ஒருவர்தான். ஐயமான ஒரு சொல்லை இருவர் ஒன்றாக இருந்து கேட்கவேண்டுமாயின் ஒலிபெருக்கியே வேண்டும்.

வாங்குவதற்கு முன் கொஞ்சம் படித்தேன். மனிதக் குரலை அளவுகோலாக வைத்து ஒலிபெருக்கி செய்தவர்களில் முக்கியமானவர்கள் பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவினர். நேரில் ஒருவர் பேசுவதையும், அதே பேச்சு பெட்டியின் வழியாக வருவதையும் ஒப்பிட்டுக் கேட்டே தங்கள் பெட்டிகளைத் திருத்தினார்கள். எழுபதுகளில், வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக அவர்கள் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறிய பெட்டி இன்றும் பெயர் சொல்லப்படுகிறது. பின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் 1978 இல் தொடங்கியதும் அந்நாட்டு வானொலியின் தேவையை ஒட்டித்தான். அதே 1978 இல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்ற ஒலிபெருக்கியை வீட்டுப் பாவனைக்கென வெளியிட்டது. வீடுகளில் அது அவ்வளவாக எடுபடவில்லை. ஆனால் பதிவின் குறைகளை ஒளிக்காமற் காட்டுகிறது என்ற காரணத்துக்காகவே ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2001 இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை, அந்த வெள்ளைக் கூம்பு இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்தைக் காண்பது அரிதாயிருந்தது.

என்எஸ்-10 க்குத் தனியாக ஒரு பெருக்கி வேண்டும். இப்போது வீடுகளுக்கென வரும் மொனிற்றர்களில் பெருக்கி உள்ளேயே இருக்கிறது. நல்லவற்றில் ஒன்றல்ல, இரண்டு. வரும் ஒலி முதலில் தாழ்ந்தது, உயர்ந்தது என இரண்டாகப் பிரிக்கப்படும். பிறகு ஒவ்வொன்றும் தனக்கென உள்ள பெருக்கிக்குப் போகும். எடுத்துக்காட்டாக யமஹாவின் எச்எஸ்5 இல் 5 அங்குலக் கூம்புக்கு 45 வற், மேலேயுள்ள சிறிய குமிழுக்கு 25 வற். எந்தப் பெருக்கிக்கு எந்தக் கூம்பு பொருந்தும் என்ற கவலையை வாங்குபவர் சுமக்க வேண்டியதில்லை. வீட்டுச் சிற்றறைக்கு 5 அங்குலமே போதும். 8 அங்குலப் பெட்டியை பத்தடி அறைக்குள் வைத்தால் அறையே முழங்கத் தொடங்கிவிடும்.

2022 இல் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, இலங்கையில் இத்தகைய பொருள் வாங்குவதென்பது நன்றாக யோசித்துச் செய்யவேண்டிய காரியம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கி, பின் இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடையில் மூன்று சோடிகளைக் கேட்டேன். கடைத் தம்பி மிக மரியாதையானவர். "ஐயா, இதைக் கேட்டுப் பாருங்கோ" என்று, அடித்தாளம் அதிரும் ஒரு பாட்டைப் போட்டார். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நன்றி சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன பேனாச் செருகியைக் கொடுத்தேன். அதில் இரண்டு ஒலித்துண்டுகள் இருந்தன. ஒன்று, நாள்தோறும் நான் கேட்கும் என் மனைவியின் குரல், வீட்டில் பதிவுசெய்தது. மற்றையது, ஒரு தவில் தனி.

பழகிய குரலை வைத்துச் சோதிப்பதைப் போன்ற சோதனை வேறில்லை. முதலாவது பெட்டியில் அவருக்குத் தடிமன் பிடித்திருந்தது. இரண்டாவதில் 'ச' எல்லாம் ஊசியாகக் குத்தியது. மூன்றாவதில் அவர் அவராகவே இருந்தார். தவிலிலும் அவ்வாறே, தொப்பியின் ஓசையும் வலந்தலையின் ஓசையும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஒலி சற்றுக் கூடிய பெட்டியே நல்லதென்று காது எப்போதும் தீர்ப்புச் சொல்லும். ஆகவே மூன்றையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கும்படி தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். பிறகு எதையும் ஒலிக்க விடாமல், பெட்டியருகே காதை வைத்து அதன் சொந்த இரைச்சலையும் கேட்டேன். மெல்லப் பேசும் கிழவியின் குரலைக் கேட்கவேண்டியவனுக்கு அது முக்கியம். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது எச்எஸ்5. என் வேலை பேச்சு. அதற்கு அது பொருந்தியது. நடன இசை அமைப்பவர் வேறொன்றைத் தேர்ந்தால் அதுவும் சரியே.

பெட்டியை வாங்குவது பாதி வேலை. மீதி, அறை. எங்கள் வீடுகள் சீமெந்துச் சுவரும் தரையோடும் கொண்டவை. கைதட்டிப் பாருங்கள், 'டிர்ர்' என்று ஒரு அதிர்வு திரும்பி வரும். அந்த அதிர்வு ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். நான் புத்தக அலுமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். பக்கச் சுவரில் தடித்த போர்வையைத் தொங்கவிட்டேன். இரண்டு பெட்டிகளும் என் தலையும் சமபக்க முக்கோணமாக அமையும்படி, ஏறக்குறைய ஒரு மீற்றர் இடைவெளியில், சிறு குமிழ்கள் காதின் உயரத்துக்கு வரும்படி வைத்தேன். அருகில் இருந்து கேட்கும்போது அறையின் குழப்பம் குறைந்து, பெட்டியின் ஒலி முந்தி வரும்.

பின்சுவரும் தன் விளையாட்டைக் காட்டும். பெட்டியின் முகப்பு சுவரிலிருந்து 85 சதமமீற்றரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் 100 ஹேர்ட்ஸ் ஒலி 1.7 மீற்றர் கூடுதலாகப் பயணம் செய்து, அதாவது அரை அலைநீளம் பிந்தி வந்து, நேரே வரும் ஒலியை மெலியச் செய்துவிடும். ஆண் குரலின் அடித்தளம் அப்படியே காணாமற்போகும். அதற்காக மூலைக்குள் தள்ளினால் தாழ்ந்த ஒலி ஊதிப் பெருக்கும். பெட்டியின் பின்புறத்தில் அதைக் குறைக்க ஒரு சிறு விசை உண்டு. ஒரு குரலை ஓடவிட்டு, பெட்டியைச் சாண் சாணாக நகர்த்திப் பார்ப்பதே வழி.

மின்சாரம் கடைசித் தொல்லை. மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து நேரே கம்பி இழுத்தால், சார்ஜர் செருகியிருக்கும்வரை 'ங்ங்' என்ற ஓசை கூடவே வரும். தனியான ஒரு ஒலி இடைமுகப் பெட்டியும், மூன்று முனைகொண்ட சமநிலைக் கம்பிகளும் அதைத் தீர்த்தன. மின்விசிறிக்குத் தீர்வில்லை. அதை நிறுத்திவிட்டு, முச்சக்கர வண்டிகள் ஓடத் தொடங்குமுன், அதிகாலை நான்கு மணிக்கு இருந்து கேட்கிறேன்.

அப்படிக் கேட்ட ஒரு நாடாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1996 இல் வலிகாமத்துக் கிராமமொன்றில், மகன் காணாமற்போன ஒரு தாயிடம் எடுத்த நேர்காணல் அது. பத்திரிகையில் அதன் சுருக்கம் மட்டுமே வெளிவந்தது. அந்த அம்மா சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். ரொறன்ரோவில் வசிக்கும் மகள், "அண்ணா, அம்மா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதித் தாங்கோ" என்று கேட்டு எழுதியிருந்தார். நாடாவில் முக்கியமான வாக்கியம் இதுதான்: "விடியப்புறம் வந்து கூட்டிக்கொண்டு போன..." இறுதி எழுத்து இரைச்சலுக்குள் அமிழ்ந்திருந்தது. 'போனவை' என்றால் பலர், முன்பின் தெரியாதவர்களாகவும் இருக்கலாம். 'போனவன்' என்றால் ஒருவன். அதுவும், அந்த அம்மா 'அவன்' என்று சொல்லக்கூடிய, தெரிந்த, வயதிற் குறைந்த ஒருவன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பற்றறி கிடைப்பதற்கரிய காலம். வலுவிழந்த பற்றறியில் பதிவு செய்தால் நாடா மெதுவாக ஓடிப் பதிவாகும். பின்னர் சரியான வேகத்தில் ஓடவிடும்போது குரல் விரைந்து, கீச்சிடும். கேள்வி கேட்கும் என் குரலே எனக்கு அளவுகோலாயிற்று. அது என் குரலாக ஒலிக்கும்வரை வேகத்தைக் குறைத்தேன். நாடாவை வாசிக்கும் தலையைத் துடைத்து, அதன் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியை மெல்லத் திருப்பியதும் மூடுபனி விலகியது போல் எழுத்துகள் தெளிந்தன.

மொனிற்றரில் அந்த வாக்கியத்தைப் பலமுறை கேட்டேன். என் காதில் விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியை அழைத்து, எந்த விளக்கமும் கொடாமல் ஓடவிட்டு, கேட்டதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஒரு செய்திக்கு இரு மூலங்கள் வேண்டும் என்பது நான் பயின்ற தொழிலின் விதி. அவரும் 'போனவன்' என்றே எழுதினார்.

எழுத்துப் பிரதியுடன், எதுவும் செய்யப்படாத மூலப் பதிவையும், வேகம் திருத்திய பதிவையும் மகளுக்கு அனுப்பினேன். பதில் வர இரண்டு வாரங்களாயின. "எங்களிட்டை அம்மா எப்பவும் 'ஆக்கள் வந்து கூட்டிக்கொண்டு போனவை' எண்டுதான் சொல்லுவா, அண்ணா" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த மற்றப் பிள்ளைகளுக்கு மறைக்கவேண்டிய ஒன்றை, ஊரைவிட்டுப் போய்விடும் ஒரு பத்திரிகைக்காரனின் இயந்திரத்துக்கு அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. அது அவர்களுடைய விடயம்.

உலகெங்கும் சிதறியிருக்கும் எம்மவர் வீடுகளில் இத்தகைய நாடாக்கள் நிறைய இருக்கும். அம்மம்மாவின் தாலாட்டு, ஊரிலிருந்து தபாலில் வந்த 'பேசும் கடிதம்', அப்பாவின் தேவாரம். அவை காத்திருக்கப் போவதில்லை. உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு கழன்றுவிடும், பூஞ்சணம் பிடிக்கும், ஓட்டிக் காட்டும் இயந்திரமே கிடைக்காமற்போகும். முதலில் பிரதி எடுங்கள். 90 நிமிட நாடா ஒன்று, சுருக்கப்படாத வடிவில், இறுவட்டின் தரத்தில், ஏறக்குறைய 950 மெகாபைற் இடம் பிடிக்கும். இன்றைய நாளில் அது ஒரு பொருட்டேயல்ல. இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கைவைக்க வேண்டாம். இரைச்சலோடு எழுத்தும் போய்விடக்கூடும். திருத்துவதைப் பிரதியிலே செய்யுங்கள்.

அதன் பிறகு, வசதியிருப்பவர்கள் ஒரு சோடி நல்ல மொனிற்றர் வாங்கலாம். விலை கூடியது தேவையில்லை. கடைக்குப் போகும்போது, வீட்டில் நீங்கள் நன்கு அறிந்த ஒருவரின் குரலைக் கொண்டுபோங்கள். எந்தப் பெட்டி அவரை அவராகவே பேசவிடுகிறதோ, அதை வாங்குங்கள்.