மிச்ச நூலில் ஒரு ஜோடி

அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, பச்சை நூலின் நுனியைத் தணலில் காட்டினார் அம்மாஜி. மயிர் கருகும் வாடை வந்தது. கருகிய நுனியை விரலில் நசுக்கினார், சாம்பலாக உதிர்ந்தது. நூல் வலப்பக்கக் கூடைக்குப் போயிற்று. அடுத்தது ஒரு ரோஸ் நூல். சூடு பட்டதும் உருகிச் சுருங்கி, நுனியில் கடுகு மாதிரி கறுப்பாக உறைந்து நின்றது. அது இடப்பக்கம்.

"இது ஆட்டு ரோமம், அது லூதியானா பிளாஸ்டிக்" என்றார். லூதியானாவில் நல்ல கம்பளி நூலும் நூற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மருமகள் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லியும் பார்த்தார். மாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் கேலாங். ஜனவரி மாதம். வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டதால், வாளியில் பனியை அள்ளி வந்து அடுப்பின் மேல் வைத்திருந்தார்கள். இங்கே தந்தூர் என்றால் ரொட்டி சுடும் மண் அடுப்பு இல்லை. இரும்புத் தகட்டில் செய்த பெட்டி அடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய். குளிர்காலம் முழுக்க வீடு இந்த ஒரு அறைக்குள் சுருங்கிவிடும். சமையல், படிப்பு, தூக்கம், விருந்தாளி, பின்னல் எல்லாம் இதைச் சுற்றித்தான். ஜுராப் என்று இவர்கள் சொல்லும் லாஹௌலின் பின்னல் காலுறையைப் பார்க்க வந்த எனக்கும் அடுப்போரம் ஒரு இடம் கிடைத்தது.

தரையில் ஒரு துணிப்பை கவிழ்க்கப்பட்டிருந்தது. கடைக்குப் பின்னிக் கொடுத்ததில் தங்கிய சிறு உருண்டைகள், பேத்திக்குச் சிறிதாகிப்போன பள்ளி ஸ்வெட்டரைப் பிரித்த நூல், யாரோ கொண்டுவந்து கொடுத்த பாதி மப்ளர். இதிலிருந்துதான் ஒரு ஜோடி வர வேண்டும்.

பிரித்த நூலை அப்படியே எடுத்துப் பின்ன முடியாது. வருஷக் கணக்கில் கண்ணியாக இருந்த நூல் நெளிநெளியாக நிற்கும்; அதில் பின்னினால் கண்ணிகள் ஒரே அளவாக விழாது. அதனால் முழங்கால்களைச் சுற்றி அதைச் சிட்டமாகப் போட்டு, நான்கு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடிப்பக்கம் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். ஈரமும் எடையும் சேர்ந்து நெளிவை எடுத்துவிடும். ஸ்வெட்டரின் முழங்கைப் பகுதி மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது. அதைப் பிரிக்கவில்லை; வெட்டி, ரப்பர் பூட்ஸுக்குள் போடும் மெத்தையாக்கிவிட்டார்கள்.

நூலை எரித்துப் பார்ப்பதற்கு அம்மாஜியின் முதல் காரணம் சூடு இல்லை, முடிச்சு. மிச்ச நூலில் பின்னும்போது நூல் அடிக்கடி தீரும். அக்ரிலிக் என்றால் அடுத்த நூலை முடிச்சுப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். அந்த முடிச்சு பூட்ஸுக்குள் ஒரு நாள் நடந்தால் கொப்புளமாகும். ஆட்டு ரோமத்துக்கு முடிச்சே வேண்டாம். இரண்டு நுனிகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாக உருட்டினார். ரோமத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உராய்வும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அவர் நீட்டிய நூலை இழுத்துப் பார்த்தேன். எந்த இடத்தில் சேர்ந்தது என்று விரலுக்குப் பிடிபடவில்லை.

சூடும் ஒரு காரணம்தான். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நீராவியாக உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பனியில் நடக்கும் காலும் வியர்க்கிறது. அந்த வியர்வை நின்று குளிர்ந்துவிட்டால்தான் விரல்கள் மரத்துப்போகும். எனவே வலப்பக்கக் கூடை பாதத்துக்கு, இடப்பக்கக் கூடை கணுக்காலுக்கு மேலே. "பிளாஸ்டிக்" என்று திட்டினாரே தவிர, அதில் ஒரு முழத்தைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை.

அடுத்து பங்கு பிரிக்கும் வேலை. காலுறைக்கு ஜோடி வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிறத்தையும் தொடங்கும் முன்பே சரிபாதியாக்கியாக வேண்டும். முதல் காலைப் பின்னி முடித்தபின் இரண்டாவதற்குச் சிவப்பு இல்லை என்றால் கதை முடிந்தது. அம்மாஜி உருண்டைகளை இரண்டு கையிலும் வைத்து நிறுத்துப் பார்த்தார். மருமகள் சமையலறைத் தராசை நடுவில் வைத்தார். அது மின்னணுத் தராசு, விடுதி நடத்த வாங்கியது. பச்சையில் நாலு கிராம் வித்தியாசம். அம்மாஜி ஒன்றும் சொல்லாமல் பெரிய உருண்டையைப் பிரித்துச் சின்னதில் சுற்றினார்.

அதன் பிறகுதான் டிசைன். எந்த நிறம் அதிகமோ அது குதிகாலுக்கும் பாதத்துக்கும். மீதி நிறங்கள் காலின் மேல்பகுதியில் பட்டை பட்டையாக வரும். ஒரு சுற்றுப் பின்ன, காலுறையின் சுற்றளவைப்போல் மூன்று, நாலு மடங்கு நூல் பிடிக்கும். மஞ்சள் நூலைக் காலுறையைச் சுற்றிச் சுற்றி அளந்து, "இது இரண்டு வரிசைக்குத்தான்" என்றார். இரண்டு வரிசைதான் என்றால் வைரக்கட்டம் வராது, படிக்கட்டு வராது. நாலு கண்ணிக்கு ஒன்றாகப் புள்ளி வைக்கலாம். மஞ்சள் புள்ளியாயிற்று.

லாஹௌல் காலுறையின் நெருக்கமான வண்ணப் பட்டைகளைப் பார்த்துவிட்டு, மலைப்பெண்களின் கலைநயம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். கலைநயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் அங்கே பார்த்தது முதலில் ஓர் இருப்புக் கணக்கு. கையிலிருக்கும் நூலின் நீளம் எந்த உரு வரலாம், எது வரக்கூடாது என்று சொல்கிறது. அதற்குள் நின்று அழகு பார்ப்பதுதான் அம்மாஜியின் கைவேலை. புது நூல் கிலோக் கணக்கில் இருந்தால் இந்த யோசனைக்கே வேலை இல்லை.

பின்னலுக்கு இருமுனையும் கூரான சிறு ஊசிகள். சலாய் என்கிறார்கள். மூன்று ஊசிகளில் இருபது இருபதாக அறுபது கண்ணிகள், நாலாவது ஊசி பின்னிக்கொண்டே சுற்றிவரும். ஒரே வரிசையில் இரண்டு நிறம் ஓடும்போது, முறை வராத நூல் பின்னால் படுத்துக்கொண்டே போகும். காலுறையை உள்புறமாகத் திருப்பினால் அந்த ஓட்டநூல்கள் இன்னொரு அடுக்காகத் தெரியும். இரண்டு அடுக்கு, நடுவே காற்று. ஒற்றை நிறக் காலுறையைவிட இது கதகதப்பாக இருப்பதன் காரணம் இதுதான். ஓட்டநூல் ஐந்து கண்ணிக்கு மேல் நீண்டால் போடும்போது கால்விரல் மாட்டி இழுக்கும். அதனால் உருக்கள் எல்லாம் சின்னச் சின்னவை.

குதிகால் வந்ததும் அறையில் பேச்சு நின்றது. அறுபதில் முப்பது கண்ணிகளை மட்டும் எடுத்து, போவதும் வருவதுமாகப் பின்னி ஒரு சதுரத் துண்டை இறக்கினார். பின் அதன் நடுப் பத்துக் கண்ணிகளைப் பின்னி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரத்திலிருந்து ஒரு கண்ணியைச் சேர்த்து விழுங்கினார். தட்டையாக இருந்த துணி கண்ணெதிரே கிண்ணமாகக் குழிந்தது. பத்தே கண்ணிகள் மிஞ்சின. துண்டின் இரு ஓரங்களிலும் பதினைந்து பதினைந்து கண்ணிகள் புதிதாகப் பொறுக்க, மேல்பக்கம் காத்திருந்த முப்பதோடு சேர்ந்து எழுபது. அதைக் குறைத்துக் குறைத்து மறுபடி அறுபதுக்குக் கொண்டுவந்தால் பாதம் தொடங்கும். அம்மாஜி இதை எண்ணியதாகத் தெரியவில்லை, எண்ணிக்கொண்டிருந்தது நான்தான்.

லாஹௌலின் ஊசிப் பின்னலைப் பற்றிப் பேசினால் மொரேவியன் கிறிஸ்தவ மிஷனுக்கு வராமல் முடியாது. நூற்பதும் நெய்வதும் இங்கே அதற்கு முன்பே உண்டு. மங்கோலியாவுக்குப் போகக் கிளம்பி, வழி கிடைக்காமல், 1850-களின் நடுவில் கேலாங்கில் தங்கிவிட்டவர்கள் ஹைடே, பாகெல் என்ற அந்த மிஷனின் இரண்டு ஜெர்மன் பாதிரிகள். ஹைடேயை மணக்க 1859-ல் வந்து சேர்ந்தவர் மரியா. தென்னமெரிக்காவின் சூரினாமில் பிறந்தவர். மணமகனை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷம் போல இங்கே இருந்து, உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிவைத்துக் காலுறை பின்னச் சொல்லிக்கொடுத்தார். மிஷனுக்கு மதம் மாறி வந்தவர்கள் மிகச் சிலர். பள்ளத்தாக்கு பௌத்தமும் இந்து வழிபாடும் கலந்தே தொடர்ந்தது; பாதிரிமார் விட்டுப்போன ஊசியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது.

குளிர்காலமும் அதற்குத் தோது. முன்பெல்லாம் ரோத்தாங் கணவாய் பனியில் மூடினால் ஆறு மாதம் போல வெளியுலகம் கிடையாது. வயல் வேலையும் இல்லை. 2020 அக்டோபரில் அந்தக் கணவாய்க்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தது. மறு வருஷம் லாஹௌல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையும் சான்றிதழும் அடுத்தடுத்து வந்துவிட்டன என்று மகிழலாம். "வாங்க ஆள் வந்தாச்சு, பின்ன நேரம் போயாச்சு" என்றார் மருமகள். பனி பார்க்க வருகிறவர்களுக்கு அறை, சாப்பாடு, வெந்நீர் என்று அவருக்கு ஜனவரியிலும் ஓட்டம்தான். மணாலிக் கடைக்காகச் சுய உதவிக் குழுவில் பின்னுகிறார். புது நூல், சொல்லிவைத்த நிறங்கள், ஒன்றுபோல் பத்து ஜோடி. ஒரு முறை மிச்ச நூலில் பின்னிய ஜோடியையும் சேர்த்து அனுப்பினாராம். இடது காலின் பச்சையும் வலது காலின் பச்சையும் ஒரு சாயல் வேறு என்று கடையிலிருந்து திரும்பி வந்ததாம். அதைத்தான் அப்போது போட்டுக்கொண்டிருந்தார். குதிகால் தேய்ந்துபோக, பாதத்தை மட்டும் வெட்டி, கணுக்காலில் கண்ணிகளைப் பொறுக்கி, புதுப் பாதம் இறக்கியிருந்தார். கடையில் வாங்கும் காலுறையில் இந்த வசதி இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் காலுறை ஓட்டையானால் ஸ்கூட்டர் துடைக்கத்தான்.

குறியீடு உருக்களைக் காப்பாற்றும், நல்லதுதான். ஆனால் சந்தை கேட்பது ஒன்றுபோல் பத்து. மிச்ச நூலில் பின்னுகிறவருக்கு ஒவ்வொரு ஜோடியும் தனிக் கணக்கு. இந்த இரண்டாவது வேலைதான் கடினமானது என்று எனக்குப் படுகிறது. கூலி கிடைப்பது முதலாவதற்கு.

கிளம்பும்போது அந்த மஞ்சள் புள்ளி ஜோடிக்கு விலை கேட்டேன். மாமியாரும் மருமகளும் தங்கள் மொழியில் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில் மருமகள் இந்தியில் சொன்னார்: "புது நூல் ஜோடி என்றால் நூலுக்கு ஒரு விலை, கைக்கு ஒரு விலை. இதில் நூலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கை வேலை இரண்டு மடங்கு. எப்படிப் போடுவது, நீங்களே சொல்லுங்க தீதி."

நான் இரண்டு மடங்கு கூலியையே சொன்னேன். அம்மாஜிக்கு அது அநியாயமாகப் பட்டது. மிச்ச நூலுக்கு இவ்வளவா என்று கையை உதறினார். பாதி விலையில் முடிந்தது. கொடுக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"மெஷினில் போட்டுவிடாதே மகளே. சுருங்கினால் பொம்மைக்குத்தான் ஆகும். என் ஜுராப் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்வாய்."